உப்புப் போட்டுச் சாப்பிடுகிறோமா?

ஒருவன் ரோஷமின்றி நடந்துகொண்டால், "நீ உப்புப் போட்டுத்தான் சாப்பிடுகிறாயா?" என்று கேட்பது நம் நாட்டு வழக்கம். உப்புக்கும் ரோஷத்துக்கும் என்ன சம்பந்தம் என்று எவரும் ஆராய்வதில்லை. ஆனால் உப்புக்கும் புத்திக்கும் மெய்யாகவே ஒரு சம்பந்தம் உண்டென்று வைத்திய சாஸ்திரம் சொல்லுகிறது. அந்தச் சம்பந்தம் உப்பின் உவர்ப்பில் இல்லை. உப்போடு கூடி வரவேண்டிய அயோடின் என்னும் வேறொரு பொருளில் இருக்கிறது. அப்பொருள் போய்ச் சேருமிடம் நமது கழுத்தின் முன்புறத்திலுள்ள ஒரு சிறு சுரப்பி. அச்சுரப்பியையும் அதன் உறவினர்களையும் இவ்வாரம் நேயர்களுக்கு அறிமுகம் செய்து வைக்க விரும்புகிறேன்.

நமது தேகத்தில் சுரப்பிகள் இரண்டு வகைப்படும். அவற்றின் வேறுபாட்டைக் காவிரிக் கரைக்காரர்களுக்கு விளக்குவது எளிது. உமிழ்நீர்ச் சுரப்பிக்கு ஒரு குழாய் உண்டு. அது வாயில் வந்து திறக்கிறது. வியர்வைச் சுரப்பிக்கும் ஒரு குழாய் உண்டு. அது தோலில் வந்து திறக்கிறது. இவை வாய்க்கால் பாசனம் போன்றவை. எந்த வயலுக்கு வாய்க்கால் வெட்டியிருக்கிறதோ அந்த வயலுக்கே தண்ணீர் பாயும். அடுத்த வயலுக்குப் போகாது. இரண்டாவது வகைச் சுரப்பிகளுக்கு இத்தகைய வாய்க்கால் கிடையாது. அவை தாம் சுரப்பதை நேராக இரத்தமாகிய ஆற்றிலேயே கலந்து விடுகின்றன. ஆறு போகுமிடமெல்லாம் அதுவும் போகிறது. வாய்க்கால் போன்ற குழாய்க்கு நாளம் என்று பெயர். ஆகவே இவற்றை நாளமில்லாச் சுரப்பிகள் என்கிறோம்.

இவை சுரக்கும் பொருளுக்கு ஹார்மோன் என்று பெயர். 1902-ஆம் வருஷம் லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இரண்டு பேராசிரியர்கள், நரம்பின் உதவியில்லாமலே ஓர் உறுப்பு மற்றோர் உறுப்புக்கு இரத்தத்தின் மூலம் செய்தி அனுப்பக்கூடும் என்று கண்டுபிடித்தார்கள். 1905-இல் ஸ்டார்லிங் இந்தச் செய்திப் பொருள்களுக்கு ஹார்மோன் என்னும் பெயரை வழங்கினார். தூண்டி எழுப்புவது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது அது. இரத்தம் தேகமெங்கும் ஓடுகிறதே, அந்தச் செய்தி எல்லா உறுப்புகளையும் ஒருங்கே கிளப்பிவிடாதா என்று கேட்கலாம். கிளப்பாது. ஒவ்வொரு ஹார்மோனும் ஒரு சாவி. அதற்கேற்ற பூட்டு எந்த உயிரணுவில் இருக்கிறதோ அங்கேதான் அது திறக்கும். மற்றவற்றை உரசிக்கொண்டு போய்விடும்.

இச்சுரப்பிகளின் அளவைக் கேட்டால் வியப்பாயிருக்கும். மூளையின் அடியில் தொங்கும் பிட்யூட்டரி ஒரு பட்டாணிக்கு மேல் இல்லை. எடை ஏறக்குறைய அரை கிராம். குழந்தையின் வளர்ச்சி, தாயின் பால் சுரப்பு முதலிய பல காரியங்களுக்கு அதுவே மேற்பார்வை. தைராய்டுச் சுரப்பியின் பின்னால் பொதுவாக நான்கு பாராதைராய்டுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஓர் அரிசி மணியளவு. இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து கூடாமலும் குறையாமலும் காப்பது அவற்றின் வேலை. சிறுநீரகங்கள் இரண்டின் மேலும் குல்லாய் வைத்தாற்போல் அட்ரீனல் சுரப்பிகள் உட்கார்ந்திருக்கின்றன. திடீரென்று பாம்பைக் கண்டால் நெஞ்சு படபடப்பது இவற்றால். வயிற்றுக்குப் பின்னாலுள்ள கணையத்துக்குள் சிறு சிறு தீவுகளாகச் சிதறியிருக்கும் அணுக்கூட்டங்கள் இன்ஸுலினைச் சுரக்கின்றன. அது குறைந்தாலோ, பலிக்காமற் போனாலோ நீரிழிவு என்னும் சர்க்கரை வியாதி வருகிறது. ஆண்மை, பெண்மை அடையாளங்களைத் தருவன விரைகளும் சினைப்பைகளும். இவை எல்லாவற்றையும் ஒரு தராசுத் தட்டில் வைத்தால் கணையத்தை நீக்கி நூறு கிராம்கூட இராது. எனினும் அவற்றில் ஒன்று பிசகினாலும் மனிதன் மனிதனாக இருப்பதில்லை.

இவற்றுள் தைராய்டை மட்டும் இன்று தனியாக எடுத்துக்கொள்வதற்குக் காரணமிருக்கிறது. மற்றச் சுரப்பிகளின் நோய்களுக்கு வைத்தியரைத் தேடித்தான் போகவேண்டும். தைராய்டின் ஒரு பெருங் குறையை மட்டும் நமது சமையலறையிலேயே, வராமல் தடுத்துவிட முடியும்.

குரல்வளைக்குச் சற்றுக் கீழே, மூச்சுக்குழாயைத் தழுவிக்கொண்டு, சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சியின் வடிவில் இருக்கிறது தைராய்டு. எடை சுமார் 20 கிராம். அது செய்யும் முக்கியமான ஹார்மோனுக்குத் தைராக்ஸின் என்று பெயர். 1914-இல் அமெரிக்காவில் கெண்டால் என்னும் ரஸாயன நிபுணர் இதை முதன்முதலாகப் பிரித்தெடுத்தார்.

தைராக்ஸின் எப்படித் தயாராகிறது? எங்கள் தாராசுரத்தில் ஐராவதேசுவரர் கோவிலுக்குப் பெயர் எவ்வளவோ, பட்டுத் தறிக்கும் அவ்வளவு பெயர். ஆகையால் வகுப்பில் நான் தறியைக் கொண்டே இதைச் சொல்வது வழக்கம். சேலை நெய்யப் பாவும் வேண்டும், ஊடையும் வேண்டும். தைராக்ஸினுக்குப் பாவு டைரோஸின் என்னும் பொருள்; பருப்பு, பால் முதலிய புரதச் சத்துள்ள எந்த ஆகாரத்திலிருந்தும் அது கிடைத்துவிடும். ஊடைதான் அயோடின். ஒரு தைராக்ஸின் மூலக்கூறுக்கு நான்கு அயோடின் அணுக்கள் வேண்டும். மூன்றரை போதாது; அயோடினுக்குப் பதிலாக வேறொன்றை வைத்து நெய்யவும் முடியாது.

இந்த நெசவாளிக்கு மேலே முதலாளி ஸ்தானத்தில் இருப்பது பிட்யூட்டரி. இரத்தத்தில் தைராக்ஸின் எவ்வளவு இருக்கிறதென்று அது கணந்தோறும் கவனித்துக்கொண்டே இருக்கிறது. போதுமான அளவு இருந்தால் வாளாவிருக்கும். குறைந்தால், "இன்னும் நெய், இன்னும் நெய்" என்று ஒரு தூதுவனை அனுப்பும். அந்தத் தூதுவனும் ஒரு ஹார்மோனே. வைத்தியப் பரிசோதனைச் சீட்டுகளில் டி.எஸ்.எச். என்று எழுதியிருப்பது அதுதான். ஊடை இருக்கும் வரையில் இந்த ஏற்பாடு அழகாக நடக்கிறது. ஊடை இல்லாதபோது என்ன ஆகும்? சேலை வரவில்லையென்று முதலாளி மேலும் மேலும் ஆள் விடுகிறான். நெசவாளியோ பயந்துகொண்டு ஒரு தறிக்கு இரண்டு தறி போடுகிறான், பிறகு நான்கு, பிறகு எட்டு. வீடு முழுவதும் தறி. ஆனால் ஒரு முழம் துணி இல்லை. இவ்விதம் வேலையின்றிப் பெருத்த தைராய்டுதான் கழுத்தின் முன்புறம் வீங்கித் தோன்றும் கழலை. எல்லாக் கழலையும் அயோடின் குறைவால் வருவதல்ல. ஆயினும் உலகில் அதன் மிகப் பெரிய காரணம் நெடுங்காலமாக இதுவே.

கழலை கண்ணுக்குத் தெரிகிறது. ஆகையால் அதைக் கண்டு பயப்படுகிறோம். கண்ணுக்குத் தெரியாத தீங்கு அதைவிடப் பெரியது. தேகத்தின் ஒவ்வோர் உயிரணுவும் எவ்வளவு வேகமாக எரிபொருளை எரிக்கவேண்டும் என்பதைத் தைராக்ஸின் நிர்ணயிக்கிறது. அது குறைந்தவர்களுக்குச் சோர்வும் மறதியும் உண்டாகும், குளிர் தாங்காது, உடல் பருக்கும், முடி உதிரும், பெண்களுக்கு மாதவிடாய் ஒழுங்கு கெடும். இவையெல்லாம் வளர்ந்தவர்களின் கதை, மாத்திரையால் சரியாகும். ஆனால் கருவிலிருக்கும் சிசுவின் மூளை அமைவதற்கும் இதே தைராக்ஸின் வேண்டும். முதல் மூன்று மாதங்களில் சிசுவுக்குச் சொந்தத் தைராய்டு வேலை செய்யத் தொடங்குவதில்லை. முழுவதும் தாயின் இரத்தத்திலிருந்தே பெறவேண்டும். தாய்க்குக் குறைந்தால் சிசுவுக்கும் குறையும். அப்போது அமையாத மூளையைப் பின்னால் எந்த டானிக்கும் அமைத்துத் தராது. அயோடின் கடுமையாகக் குறைந்துள்ள பிரதேசங்களில் வளரும் குழந்தைகளின் அறிவுத்திறன் அளவு, மற்றப் பிரதேசத்துக் குழந்தைகளைவிடச் சராசரியாகப் பத்துப் புள்ளிகளுக்கு மேல் தாழ்ந்திருப்பதாக ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. பரீட்சையில் பத்து மார்க்குக் குறைந்தால் வீட்டில் எவ்வளவு அமளி! பிறக்குமுன்பே ஊர் முழுவதற்கும் பத்து மார்க்கு குறைவதைப் பற்றி யாரும் அமளி செய்வதில்லை.

இவ்வளவு பெரிய காரியத்துக்கு வேண்டிய அயோடின் எவ்வளவு? வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம். ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்கு செய்தால் ஒரு பங்கு ஒரு மைக்ரோகிராம். எழுபது வருஷ ஆயுளுக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டால் 4 கிராம்கூட ஆகவில்லை. ஒரு தேக்கரண்டிக்குள் அடங்கிவிடும். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் மட்டும் நாளொன்றுக்கு 250 மைக்ரோகிராம் வேண்டும். ஒரே நாளில் ஆயுளுக்கும் விழுங்கி வைத்துக்கொள்ள முடியாது என்பதுதான் இதிலுள்ள சங்கடம்; அன்றாடம் சிறிது சிறிதாகச் சேரவேண்டும்.

இந்த இடத்தில் வகுப்பிலே ஒரு மாணவன் எழுந்து, "ஸார், கடல் நமக்கு வெகு தூரமில்லையே! கடலில் அயோடின் இருக்கிறதென்று தாங்களே சொன்னீர்கள். கடலுப்பைத் தின்னும் நமக்குக் குறைவு எப்படி வரும்?" என்று கேட்டான். நல்ல கேள்வி. விடையைக் கணக்காகவே போட்டுப் பார்த்தோம். ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அயோடினோ சுமார் 60 மைக்ரோகிராம்தான். அவ்வளவும் உப்போடு தங்கிவிட்டதாக வைத்துக்கொண்டாலும், நாம் ஒரு நாளில் தின்னும் 10 கிராம் உப்பில் 17 மைக்ரோகிராம்தான் தேறும். 150 எங்கே, 17 எங்கே! அதிலும் பெரும் பகுதி, பாத்தியில் உப்பு விளைந்தபின் எஞ்சும் கசப்பு நீரோடு போய்விடுகிறது. கடலருகே இருப்பதால் மட்டும் அயோடின் கிடைத்துவிடாது. மழையும் வெள்ளமும் மண்ணிலுள்ள அயோடினைக் கரைத்துக் கடலுக்குக் கொண்டு போகின்றன. அந்த மண்ணில் விளையும் நெல்லிலும் காய்கறியிலும் அது சொற்பமாகவே இருக்கும். கழலை இமயமலைக்காரர்களின் நோய் என்று நெடுநாள் எண்ணியிருந்தார்கள். பிற்பாடு கணக்கெடுத்ததில் சமவெளியிலும் கடற்கரையிலும்கூட அது காணப்பட்டது.

இதற்கு மாற்று இன்னதென்று நம் தேசத்திலேயே நிரூபித்துக் காட்டியவர் டாக்டர் வி. ராமலிங்கசுவாமி. 1921-இல் ஸ்ரீகாகுளத்தில் பிறந்தவர். நமது நீலகிரியில், குன்னூரிலிருந்த போஷாக்கு ஆராய்ச்சிச் சாலையில் சில வருஷங்கள் பணி புரிந்தவர். 1956-இல் இமயத்தின் அடிவாரத்திலுள்ள காங்ரா பள்ளத்தாக்கில் அவரும் சகாக்களும் ஒரு பரிசோதனையைத் தொடங்கினார்கள். பள்ளத்தாக்கை மூன்று பகுதிகளாகப் பிரித்தார்கள். இரண்டு பகுதிகளின் ஜனங்களுக்கு அயோடின் கலந்த உப்பும், ஒரு பகுதிக்குச் சாதாரண உப்பும் வழங்கினார்கள். சில வருஷங்களில் முதல் இரண்டு பகுதிகளில் பள்ளிக் குழந்தைகளிடையே கழலை பாதிக்கு மேல் குறையலாயிற்று. மூன்றாவது பகுதியில் முன்போலவே இருந்தது. அதன்பின் அப்பகுதிக்கும் நல்ல உப்பு வழங்கப்பட்டது. இதன் பயனாக 1962-இல் சர்க்கார் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டத்தை ஆரம்பித்தார்கள். மருந்துப் புட்டி இல்லை, ஊசி இல்லை. ஏழையும் செல்வனும் நாள்தோறும் உண்ணும் உப்பே மருந்தின் வாகனமாயிற்று.

உப்பு என்றவுடன் தஞ்சை ஜில்லாக்காரர்களுக்கு வேதாரண்யம் நினைவுக்கு வராமல் இராது. 1930-ஆம் வருஷம் ஏப்ரல் 13-ஆம் தேதி ராஜாஜியின் தலைமையில் சுமார் நூறு தொண்டர்கள் திருச்சியிலிருந்து கால்நடையாகப் புறப்பட்டு, தஞ்சை, கும்பகோணம் வழியாக 28-ஆம் தேதி வேதாரண்யம் சேர்ந்தார்கள். 30-ஆம் தேதி சட்டத்தை மீறி உப்பெடுத்துச் சிறை சென்றார் ராஜாஜி. ஏழையின் உப்பில் அந்நிய அரசு வரி விதிக்கலாகாது என்பது அன்றைய போராட்டம். அந்த வரி 1947-இல் ஒழிந்தது. ஏழையின் உப்பில் அவன் குழந்தையின் அறிவுக்கு வேண்டியது இருக்கிறதா என்பது இன்றைய கேள்வி. இது சத்தமில்லாத கேள்வி. ஆகையால் எளிதில் மறக்கப்படுகிறது.

மறந்துதான் போயிருக்கிறோம். உப்பு உற்பத்தியில் கூர்ஜரத்துக்கு அடுத்தபடி நிற்பது தமிழ்நாடு. தூத்துக்குடி உப்பு போகாத ஊரில்லை. ஆயினும் 2018-19-இல் தேச முழுவதும் நடந்த அயோடின் ஆய்வில், போதுமான அயோடின் உள்ள உப்பை உபயோகிக்கும் குடும்பங்கள் தேசத்தில் நூற்றுக்கு 76. தமிழ்நாட்டில் நூற்றுக்கு 62 மாத்திரமே. மாநிலங்களின் வரிசையில் நாம்தான் கடைசி. உப்பளத்தின் அருகிலிருப்பதே நமக்கு இடையூறாகிவிட்டது. பாத்தியிலிருந்து நேரே மூட்டையேறிக் கடைக்கு வரும் கல்லுப்பு நமக்குச் சுலபமாகக் கிடைக்கிறது; பழகிய ருசியும் அதில் இருக்கிறது.

சட்டம் இதில் தடுமாறியதுண்டு. அயோடின் சேராத உப்பை உண்பதற்கென்று விற்கலாகாது என்ற தடையை 2000-ஆம் வருஷம் மத்திய சர்க்கார் நீக்கினார்கள். பிறகு 2006 மே மாதம் மீண்டும் விதித்தார்கள். கட்டாயம் கூடாது, சிறு உப்பளக்காரர் நசிந்துபோவார் என்பது எதிர்ப்பவர்களின் வாதம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. கையளவு பாத்தி வைத்திருப்பவர் யந்திரத்துக்கும் பரிசோதனைக்கும் எங்கே போவார்? ஆனால் அதற்குப் பரிகாரம் அவருக்கு உதவி செய்வது. நம் குழந்தைகளுக்கு வெறும் உப்பைக் கொடுப்பது அல்ல. உப்பின்மேல் பொட்டாசியம் அயோடேட் கரைசலைத் தெளிப்பதே வேலை. கிலோ ஒன்றுக்கு ஆகும் செலவு மிகச் சொற்பம். பலர் கூடிக் கூட்டுறவு முறையில் செய்தால் கல்லுப்பிலேயே அயோடின் சேர்க்கலாம். அவ்விதம் சேர்த்த கல்லுப்பு கடைகளில் கிடைக்கவும் செய்கிறது.

இனி, குடும்பத் தலைவிகள் கவனிக்கவேண்டிய சில காரியங்களைச் சொல்லி முடிக்கிறேன்.

உப்பு வாங்கும்போது பொட்டணத்தில் 'அயோடின் கலந்தது' என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுக்கு வந்து சேரும் உப்பில் கிலோவுக்கு 15 மில்லிகிராம் அயோடினாவது இருக்கவேண்டும் என்பது விதி. இமயமலை உப்பென்றும் இந்துப்பென்றும் அதிக விலைக்கு விற்பவற்றில் அயோடின் சேர்க்கப்பட்டிருந்தாலன்றி அவற்றால் இந்தப் பயன் இல்லை. அழுக்குப் போகவேண்டுமென்று கல்லுப்பைக் கழுவினால் மேலே தெளித்த அயோடினும் கழுவுநீரோடு போய்விடும். உப்பு மரவையைத் திறந்து வைக்காமல், மூடியுள்ள ஜாடியில், ஈரமும் வெயிலும் அடுப்பின் அனலும் படாத இடத்தில் வையுங்கள். கூடுமானவரையில் உப்பைச் சமையலின் முடிவில் சேருங்கள்.

அயோடின் வேண்டுமென்பதற்காக உப்பை அதிகம் போடலாகாது. நாளொன்றுக்கு 5 கிராமுக்குமேல் உப்பு ஆகாதென்பது இன்றைய வைத்தியர்களின் கருத்து. மிகுந்தால் இரத்த அழுத்தம் ஏறும். பால், தயிர், முட்டை, மீன் இவற்றிலும் அயோடின் ஓரளவு உண்டு. வைத்தியர் சொல்லாமல் அயோடின் மாத்திரைகளையோ துளிகளையோ விழுங்குவது தவறு. குறைவைப்போலவே மிகுதியும் தைராய்டைக் கெடுக்கும்.

தைராய்டுக் கோளாறு எல்லாம் உப்பால் தீர்ந்துவிடும் என்றும் எண்ணவேண்டாம். சென்னை உள்பட எட்டு நகரங்களில் செய்து 2013-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், வளர்ந்தவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குத் தைராய்டுச் சுரப்பு குறைந்திருந்தது. இதற்கு முக்கியமான காரணம், தேகத்தின் காவற்படையே தவறுதலாகத் தன் சுரப்பியைத் தாக்குவது. இது பெண்களுக்கே அதிகம் வருகிறது. "வயதாகிவிட்டது, சோம்பல்" என்று வீட்டார் சொல்வதைக் கேட்டு அவர்கள் பேசாதிருப்பதும் அதிகம். ஒரு சிறு இரத்தப் பரிசோதனை உண்மையைச் சொல்லிவிடும். காலையில் வெறும் வயிற்றில் உட்கொள்ளும் ஒரு மாத்திரை குறையை நிரப்பிவிடும். வைத்தியரைக் கேளாமல் அதை நிறுத்தக்கூடாது. கர்ப்பம் தரித்தவுடன் இப்பரிசோதனையைச் செய்துகொள்வது மிக அவசியம்.

கடைசியாகப் பிறந்த குழந்தையின் விஷயம். நம் தேசத்தில் ஏறக்குறைய 1,100 குழந்தைகளில் ஒன்று, தைராய்டு சரிவர வேலை செய்யாமலே பிறக்கிறது. தாயின் தைராக்ஸின் சிறிது உடலில் இருப்பதால் முதல் சில வாரங்களில் குழந்தை நன்றாகவே தோன்றும்; அழாமல் தூங்குகிறதே, நல்ல பிள்ளை என்று பாட்டிமார் மெச்சுவதும் உண்டு. அடையாளங்கள் வெளிப்படும்போது காலம் கடந்திருக்கும். பிறந்து இரண்டு மூன்று நாளில் குதிகாலில் ஒரு துளி இரத்தம் எடுத்துச் சோதித்தால் தெரிந்துவிடும். இரண்டு வாரத்துக்குள் மருந்து தொடங்கினால் அக்குழந்தை மற்றக் குழந்தைகளைப்போலவே படிக்கும், விளையாடும். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கைப்பையில் வைக்கும் சாமான்களின் ஜாபிதாவில், "குதிகால் இரத்தச் சோதனை செய்தாயிற்றா என்று கேட்கவேண்டும்" என்று ஒரு வரியும் எழுதி வையுங்கள். ஆஸ்பத்திரியில் தாமாகச் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள். கேட்பதற்குக் காசு செலவில்லை. கேளாமல் விட்டதற்கு ஈடு செய்ய எந்தக் காசும் போதாது.